லிம்பெரின் ஞானத்தாய்

"அங்க இல்ல, கொமாத்ரே. இங்க."

சாந்துசா நெய்சாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தரிக்கோலைப் பையனின் வலது காதுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. வெளியே நல்ல வெயில். வலைக்கூரை வழியாக அது சல்லடையாக இறங்கிக்கொண்டிருந்தது.

பையன் மேசைமேல் விரித்த கம்பளித் துணியில் உட்கார்ந்திருந்தான். பெயர் லிம்பெர். இரண்டு வயதும் நான்கு மாதமும். பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி. அன்று காலை அவன் அம்மா சாந்துசா அதை இருபது திரிகளாகப் பிரித்து, ஒவ்வொரு திரியிலும் ஒரு நாடா கட்டியிருந்தாள். வந்தவர்கள் ஆளுக்கொரு திரி வெட்ட வேண்டும். முதல் திரி ஞானத்தாய்க்கு, பெற்றோர் இனி 'கொமாத்ரே' என்று அழைக்கப்போகிறவளுக்கு. அதில் மட்டும் சிவப்பு நாடா.

நெய்சா திரியைத் தூக்கினாள்.

கீழே தலைத்தோலில் மூன்று வட்டங்கள் இருந்தன. பட்டாணி அளவு. இரண்டு வெளுத்து மினுமினுத்தன. மூன்றாவது சிவப்பாக, ஓரத்தில் பொருக்கோடு இருந்தது.

"கொமாத்ரேக்குக் கை நடுங்குது பாருங்க," என்றான் பையனின் அப்பா ரூஃபினோ. "பீர் குடிச்சது நானு. போதை அவங்களுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் காதிடுக்கில் ஒரு சிகரெட் செருகியிருந்தது.

"சீக்கிரம் வெட்டு மகளே," என்றாள் வட்டத் தொப்பி வைத்த ஒரு கிழவி. "ஆட்டுக்கறி ஆறுது. படிச்சவங்க முடி வெட்டுறதுக்கும் பரீட்சை எழுதுற மாதிரி யோசிப்பாங்களா?"

நெய்சா வெட்டினாள். திரி தட்டில் விழுந்தது. கைதட்டினார்கள். யாரோ அவள் தலையில் வண்ணக் காகிதத் துணுக்குகளைக் கொட்டினார்கள். ஒலிபெருக்கியில் எக்காளங்கள் திரும்பவும் தொடங்கின. ரூஃபினோ ஒரு குவளைப் பீரில் முதல் மடக்கைத் தரையில் பூமித்தாய்க்கு ஊற்றிவிட்டு மீதியை அவளிடம் நீட்டினான்.

பையன் அழவில்லை. முடி வெட்டும்போது அழாத பிள்ளையை நெய்சா பார்த்ததில்லை. அவளே அந்த வயதில் கத்திய கத்தலில் இரண்டு பேர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்துபோனதாக வீட்டில் சொல்வார்கள். இவன் எதிரே இருந்த கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆம்பள சிங்கம். கண்ணுல ஒரு சொட்டு இல்ல," என்றாள் கிழவி.

"எம் புள்ள எதுக்கும் அழமாட்டான்," என்றான் ரூஃபினோ.

அடுத்தடுத்து வந்தவர்களுக்குச் சாந்துசா தானே திரிகளை எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய இடது உள்ளங்கை காதுக்குப் பின்னால் அந்த இடத்தை மூடியே இருந்தது. கடைசித் திரி விழுந்ததும், தட்டைக்கூடப் பார்க்காமல், பையன் தலையில் கம்பளிக் குல்லாயை மாட்டிக் காதுமடல் வரை இழுத்துவிட்டாள்.

*

நெய்சா வில்காவுக்கு இருபத்து மூன்று வயது. பொலிவியாவின் மேட்டு நிலத்தில், சல்லாபட்டாவில் பிறந்தவள். அப்பா லாரி ஓட்டினார். அம்மா சந்தையில் பாலாடைக்கட்டி விற்றாள். ஊரில் அம்மாவுக்கு முப்பத்தோரு ஞானப்பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேரை அம்மாவுக்கு முகம் பார்த்தால் தெரியாது. ஆனால் யார் வீட்டில் என்ன சண்டை என்று தெரியும்.

ஒருரோவில் பல்கலைக்கழகம் வேலைநிறுத்தத்தில் எட்டு மாதம் மூடிக் கிடந்தபோது, நெய்சா ஒரு படிப்புதவிக்கு எழுதிப்போட்டாள். கிடைத்தது. எரிமலைகளுக்கு நடுவே எல்லை தாண்டி, பேருந்து நாலாயிரம் மீட்டர் கீழே இறங்கி, கடலோரத்தில் ஆரிக்காவில் விட்டது. சிலே நாடு. காதடைப்பு மூன்று நாள் போகவில்லை. அங்கே சமூகப்பணி படித்தாள். முதல் பருவம் வகுப்பில் பாதி புரியவில்லை. அவர்களும் அதே ஸ்பானிய மொழிதான் பேசினார்கள், ஆனால் சொற்களின் வாலையெல்லாம் விழுங்கிவிட்டுப் பேசினார்கள். அவள் மெதுவாக, எல்லா எழுத்தையும் உச்சரித்துப் பேசினால், பின் வரிசையில் யாராவது கொட்டாவி விடுவார்கள். "பொலிவியா அஞ்சல் வந்துகிட்டிருக்கு, பொறுமையா இருங்க," என்பாள் பமேலா என்ற வகுப்புத்தோழி. கெட்டவள் இல்லை. நெய்சாவின் குறிப்பேட்டைத்தான் நகலெடுத்துத் தேர்வு எழுதுவாள்.

நான்காம் ஆண்டில் களப்பயிற்சி. ஆரிக்காவில் குழந்தைகள் பாதுகாப்பு மையம் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. மேற்பார்வையாளர் செனோரா லெய்ட்டன். ஐம்பது வயது, சின்ன உருவம், மேசையில் எப்போதும் பாதி தின்ற ஆப்பிள். முதல் நாளே சொன்னார்.

"போற வீட்டுல டீ கொடுத்தா குடி. ரொட்டி கொடுத்தா தின்னு. உறவு கொண்டாடாதே. ஏதாவது பாத்தா எழுது. எழுதி என் கையில கொடு. அதுக்கு முன்னாடி அந்த வீட்டுல வாயத் திறக்காதே. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, செனோரா."

"இதுல ஒண்ணு பிசகினாலும் பயிற்சி அத்தோட சரி. பயிற்சி இல்லன்னா பருவம் இல்ல. பருவம் இல்லன்னா உன் தங்கற அனுமதி இல்ல. உன்ன பயமுறுத்தல. கணக்கு அப்படி இருக்கு."

பிறகு ஒரு கோப்பினை எடுத்து நீட்டினார். அசாபா பள்ளத்தாக்கு, பன்னிரண்டாம் கிலோமீட்டர். தக்காளித் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பம். பிள்ளையைச் சுகாதார நிலையத்துக்கு மூன்று தடவை கொண்டுவரவில்லை. "உன் ஊர்ப்பக்கம். உன் பாஷை. உன்கிட்ட பேசுவாங்க."

பேசினார்கள். ரூஃபினோ தக்காளி வலைக்கூடாரங்களுக்கு மேஸ்திரி. வாய் நிறையச் சிரிப்பு. முதல் தடவையே அவளை உட்காரவைத்து, சல்லாபட்டாவில் யார் மகள் என்று கேட்டு, அவள் அப்பாவின் லாரி நிறம் வரை சொன்னான். சாந்துசா அவ்வளவாகப் பேசவில்லை. உருளைக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். பையன் எப்போதும் குல்லாய் போட்டிருந்தான். பள்ளத்தாக்கில் உள்ளங்கை வியர்க்கும் வெயில்.

"அந்தக் குல்லாய கழட்டிப் பாத்தியா?" என்று இரண்டாவது வாரம் செனோரா லெய்ட்டன் கேட்டார்.

"முடி வெட்டாத புள்ளைக்கு எங்க ஊர்ல தல மூடித்தான் வெப்போம், செனோரா. காத்து பட்டா ஆகாதும்பாங்க. எனக்கும் அப்படித்தான் வெச்சிருந்தாங்க."

செனோரா லெய்ட்டன் ஆப்பிளைக் கடித்தார். கோப்பில் நெய்சா எழுதினாள்: குல்லாய் அணிவது வழக்கம் சார்ந்தது. குழந்தை அமைதியானவன். பெற்றோருடன் கனிவான உறவு. அந்த அறிக்கைக்கு அவளுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. ஓரத்தில் 'பண்பாட்டுப் புரிதல்' என்று பச்சை மையில் எழுதியிருந்தது.

ஐந்தாவது வாரம், ஒரு ஞாயிறு காலை, அவள் தங்கியிருந்த அறைக் கதவைத் தட்டினார்கள். ரூஃபினோவும் சாந்துசாவும். அவன் இஸ்திரி போட்ட சட்டை, அவள் புதுப் பாவாடை, முதுகில் பையன். கையில் துணி மூடிய ரொட்டிக்கூடை. நெய்சா அவர்களுக்குத் தன் முகவரியைக் கொடுத்ததில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நம்மூர்க்காரங்க இருக்கற வீடு நமக்குத் தெரியாமப் போகுமா, செனோரிட்டா," என்றான் ரூஃபினோ. கூடையை அவள் காலடியில் வைத்தான். தொப்பியைக் கழற்றினான். "புள்ளைக்கு முடி எடுக்கணும். நீங்க ஞானத்தாயா நிக்கணும். வேற யாரையும் மனசுல நெனக்கல. கேட்டது இவதான்."

சாந்துசா தலையசைத்தாள். அன்றுதான் முதல் தடவை அவள் நெய்சாவின் கண்ணை நேராகப் பார்த்தாள். பார்வை நகரவே இல்லை.

ரொட்டியோடு வந்து கேட்டால் மறுப்பது என்று ஒன்று சல்லாபட்டாவில் இல்லை. முகத்தில் துப்புவது அதைவிடச் சின்ன விஷயம். நெய்சா ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"விதி இருக்கு, அம்மா. வேலைக்குப் போற வீட்டுல உறவு கூடாதாம்."

"கேட்டு வந்தவங்ககிட்ட விதி பேசினியா? நீ எந்த ஊர்ல வளந்தவ?" என்றாள் அம்மா. "புள்ளைக்கு இன்னொரு தாய் வேணும்னு கேக்கறாங்க. நீ அதத்தான படிக்கறே?"

நெய்சா ஒப்புக்கொண்டாள். செனோரா லெய்ட்டனிடம் சொல்லவில்லை. கோப்பில் எழுதவில்லை. ஒரு சின்னக் கத்தரிக்கோலும், பையனுக்கு நீலச் சட்டையும் வாங்கினாள்.

*

கறி பரிமாறினார்கள். நெய்சாவுக்கு விலா எலும்புப் பகுதி, தட்டு வழிய. எதிரே சாந்துசா பையனை மடியில் வைத்துக் கிழங்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். ரூஃபினோ நாற்காலியை இழுத்துப் போட்டு நெய்சாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இனிமே ஆபீஸ்ல எங்களுக்கும் ஒரு ஆள் இருக்கு," என்றான். கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னான். பிறகு குரலைத் தணித்தான். "சாப்பிடுங்க கொமாத்ரே. ஏன் சாப்பிடல?"

"சாப்பிடறேன்."

"மொதல்ல நானு யோசிச்சேன். இவ்வளவு படிச்சவங்க நம்ம வீட்டுக்கு உறவா வருவாங்களான்னு. இவதான் புடிச்ச புடியா நின்னா. செனோரிட்டாவத்தான் கேக்கணும், செனோரிட்டாவத்தான் கேக்கணும்னு. சரி, நல்லதுதானேன்னு எனக்கும் பட்டுது. சொந்தக்காரங்கள யாரு மாட்டிவிடப் போறாங்க?" அவன் சிரித்து அவள் தோளைத் தட்டினான். காதிலிருந்த சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்தான்.

பையன் மெல்லுவதை நிறுத்தினான்.

நெய்சா தட்டை வைத்துவிட்டு எழுந்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். கைப்பேசியில் செனோரா லெய்ட்டனின் எண் இருந்தது. ஞாயிறும் எடுப்பார். சொல்லியிருக்கிறார். அழைத்தால் முதல் கேள்வி, நீ எங்கே இருக்கிறாய் என்பது. ஞாயிற்றுக்கிழமை, அந்த வீட்டு விருந்தில், தலையில் வண்ணக் காகிதத்தோடு, முடி வெட்டிய ஞானத்தாயாக. அதற்குப் பிறகு பயிற்சி இல்லை, பருவம் இல்லை, அனுமதி இல்லை. எல்லை வரை ஒரு பேருந்துச் சீட்டு. அந்தக் கணக்கை அவள் போடவில்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் அது மட்டும் இல்லை. அவளுக்கு வேறொன்றும் தெரியும். சல்லாபட்டாவில் ஞானத்தாய்க்கு ஓர் உரிமை உண்டு. பிள்ளைக்கு ஒன்று என்றால் அவள் பெற்றோரை முன்னால் மண்டியிடச் சொல்லலாம். வயது பார்க்க வேண்டியதில்லை. ஞானத்தாய் இருபதும் தகப்பன் ஐம்பதுமாக இருந்தாலும் அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டே ஆக வேண்டும். ஒன்பது வயதில் நெய்சா கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள். பெண்டாட்டியை அடித்த ஒரு கொம்பாத்ரேயை, தன் ஞானப்பிள்ளை ஒன்றின் தகப்பனை, அம்மா முற்றத்துச் சரளைக்கல்லில் மண்டியிடவைத்து ஒரு மணி நேரம் பேசினாள். அந்த ஆள் கன்னம் நனைய அழுதார். அதற்குப் பிறகு அவர் அடிக்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பெண் சொல்லி நெய்சா கேட்டதில்லை.

முதலில் வீட்டில் பேச வேண்டும். பிறகுதான் வெளியே. பேசாமல் வெளியே கொண்டுபோகிறவள் ஞானத்தாய் இல்லை, உளவாளி. வகுப்பில் படித்த எதுவும் அந்த நேரத்தில் இதைவிடத் தெளிவாக இல்லை. அவள் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

"கொம்பாத்ரே, கொஞ்சம் உள்ள வாங்க," என்றாள். "நீயும் வா, சாந்துசா."

சாந்துசா பையனைக் கிழவியிடம் கொடுத்தாள். கொடுத்த கை அப்படியே நீண்டபடி நின்றது. வேண்டாம் என்பதுபோல ஒருமுறை தலையாட்டினாள். நெய்சா அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஒட்டுப்பலகைத் தடுப்புக்கு உள்ளே ஒரு கட்டில், ஒரு எரிவாயு உருளை, சுவரில் போன வருடத்து நாள்காட்டி. ரூஃபினோ உள்ளே வந்ததுமே தொப்பியைக் கழற்றினான். அவள் சொல்வதற்கு முன்பே மண்டியிட்டான். சாந்துசாவின் மணிக்கட்டைப் பிடித்து அவளையும் கீழே இழுத்தான்.

நெய்சா ஊர்மொழியான அய்மாராவில் பேசினாள். அம்மாவின் குரல் தன் தொண்டையில் வருவது அவளுக்கே கேட்டது.

"நான் பாத்துட்டேன், கொம்பாத்ரே."

"என்னத்த?"

"காதுக்குப் பின்னாடி. மூணு."

வெளியே எக்காளம் ஓய்ந்து அடுத்த பாட்டு தொடங்கியது. ரூஃபினோ நெய்சாவைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பிச் சாந்துசாவைப் பார்த்தான். சாந்துசா சிமெண்ட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டு இன்னும் அவன் பிடியில் இருந்தது.

"இந்தப் புள்ள இன்னைலேருந்து எனக்கும் புள்ள," என்றாள் நெய்சா. "பேசவே தெரியாதவன போய்ச் சுடற கை மனுஷக் கையா? ஊர்ல உன் அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவா?"

அவன் அழுதான். மூக்கு ஒழுக அழுதான். முன்னால் நகர்ந்து அவள் கையைப் பிடித்து முத்தமிட்டான்.

"குடி, கொமாத்ரே. குடிச்சா நான் நானா இருக்கறதில்ல. தோட்டத்துல முதலாளி திட்டறான், இங்க எல்லாரும் நம்மள மிருகம் மாதிரி பாக்கறாங்க, எல்லாம் சேந்து... இனிமே தொடமாட்டேன். நீங்க சொல்லிட்டீங்க இல்ல. போதும்."

"நாளைக்கு நான் ஆபீஸ்ல சொல்லித்தான் ஆகணும். நீங்களும் வாங்க. நாமளே போய் முன்னாடி சொன்னா வேற மாதிரி. உதவி பண்ணுவாங்க. குடிக்கும் வைத்தியம் இருக்கு."

"கண்டிப்பா. எத்தன மணிக்கு?"

"ஒன்பது."

"ஒன்பதுக்கு வந்துடறோம்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். குரல் சட்டென்று தெளிந்திருந்தது. "அந்த செனோராகிட்ட இன்னும் சொல்லல இல்ல?"

"இல்ல."

"யார்கிட்டயும்?"

"இல்ல. மொதல்ல உங்ககிட்டதான்."

"அதான் மரியாதை," என்றான் ரூஃபினோ. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். "படிச்சாலும் மரியாதை மாறல உங்களுக்கு."

நெய்சாவுக்கு உடம்பு லேசானது. முதல் தடவையிலேயே அம்மா மாதிரி செய்துவிட்டோம் என்று நினைத்தாள். அவன் கையிலிருந்து விடுபட்ட சாந்துசாவின் மணிக்கட்டில் நான்கு வெள்ளைக் கோடுகள் இருந்தன. மெதுவாக அவை சிவந்தன.

நாலரைக்குக் கூட்டம் கலையத் தொடங்கியது. விருந்து முடியும் முன்பே ரூஃபினோ ஒலிபெருக்கியை அணைத்துவிட்டான். "காலைல வேலை இருக்கு, மன்னிச்சுக்குங்க," என்று ஒவ்வொருவராகச் சிரித்துக் கட்டியணைத்து அனுப்பினான். இப்படி வெளிச்சத்திலேயே முடியும் முடியிறக்கு உண்டா என்று கிழவி முணுமுணுத்தபடி போனாள்.

சாந்துசா துணியில் சுற்றிய ஆட்டுத்தொடையோடு நெய்சாவைச் சாலைவரை கொண்டுவிட வந்தாள். இருபுறமும் தக்காளி வலைகள். காற்றே இல்லை. பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் மொட்டை மணல்மலைகள், ஒரு புல் இல்லாமல். ரூஃபினோ வாசல் கம்பியில் சாய்ந்து நின்றான். பையன் அவன் தோளில் இருந்தான்.

"நீங்க படிச்சவங்கன்னு நெனச்சேன்," என்றாள் சாந்துசா. உதடு அசையாமல் சொன்னாள்.

"என்ன?"

"சிவப்பு நாடாவ அந்த எடத்துல கட்டினது நான். வேற எப்படிக் காட்டுவேன்? ஒரு நாள்கூட அவரு என்னயும் உங்களையும் தனியா விட்டதில்ல. நீங்க பாப்பீங்க, ஒண்ணுமே பேசாம போவீங்க, போய் எழுதுவீங்க, அவங்க வருவாங்கன்னு இருந்தேன்." அவள் மூட்டையை நெய்சாவின் கையில் வைத்தாள். "அதுக்குத்தான் உங்களக் கேட்டேன்."

ஷேர் டாக்சி வந்து நின்றது. உள்ளே ஏற்கெனவே மூன்று பேர்.

"ஏறு," என்றாள் நெய்சா. "இப்பவே. என்கூட வா."

"புள்ள அவர் கையில," என்றாள் சாந்துசா.

வாசலில் ரூஃபினோ பையனின் கையைப் பிடித்து ஆட்டிக்காட்டினான். ஞானத்தாய்க்கு டாட்டா சொல்லு, ஞானத்தாய்க்கு டாட்டா. டிரைவர் ஒலிப்பானை அழுத்தினார். "ஏறறீங்களா இல்லியா செனோரிட்டா? பின்னாடி வண்டி வருது."

ஏறினாள். ஏறியதும் கைப்பேசியை எடுத்தாள். பக்கத்தில் இருந்தவர் விருந்திலிருந்து வந்தவர். ரூஃபினோவின் கீழே வேலை செய்பவர். "நல்லா வெட்டினீங்க, கொமாத்ரே," என்றார். தோளோடு தோள் இடித்தது. நாலாம் கிலோமீட்டரில் நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒலிவமரத் தோப்பின் மதிலோரம் நின்று அழைத்தாள்.

செனோரா லெய்ட்டன் இரண்டாவது மணியில் எடுத்தார். நெய்சா எல்லாவற்றையும் சொன்னாள். முடி, நாடா, மூன்று வட்டம், மண்டியிட்டது. எதையும் மறைக்கவில்லை.

"அவன்கிட்ட பேசினது எத்தன மணிக்கு?"

"மூணரை இருக்கும்."

"இப்ப அஞ்சே கால்," என்றார் செனோரா லெய்ட்டன். "ரூமுக்குப் போ. அங்க திரும்பிப் போகாதே. போலீஸுக்கு நான் சொல்றேன்."

நெய்சா மதிலோரம் நின்றுகொண்டிருந்தாள். பள்ளத்தாக்கின் மேலிருந்து லாரிகள் வந்தன. மேலே ஏறிப் போகும் வண்டிகளும் இருந்தன. அவர்கள் கிளம்பியிருந்தால் அவற்றில் எதில் என்று தெரியாது.

*

மறுநாள் திங்கட்கிழமை. எட்டு மணிக்கு மையத்தில் இருந்தாள். கடல்மூட்டம் இன்னும் விலகவில்லை. போலீஸ் முந்தின நாள் ஆறு மணிக்கே போயிருந்தது என்று செனோரா லெய்ட்டன் சொன்னார். அறை பெருக்கியிருந்தது. கட்டிலும் எரிவாயு உருளையும் இருந்தன. போர்வைகள் இல்லை. ஐந்து மணிக்கு ஒரு சிவப்பு வேனில் மூவரும் போனதாகப் பக்கத்து அறையில் இருக்கும் வட்டத் தொப்பிக் கிழவி சொல்லியிருந்தாள். எந்தப் பக்கம் என்று அவள் கவனிக்கவில்லை.

ஒன்பது மணிவரை இருவரும் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை.

எல்லைச் சாவடி இரண்டுக்கும் தகவல் போயிருந்தது. சாவடி இல்லாத கணவாய்கள் மேலே நாலைந்து இருக்கின்றன. ஒரு போலீஸ்காரர் வந்து பையனின் அடையாளம் கேட்டார். கோப்பில் இருந்த படங்கள் எல்லாவற்றிலும் அவன் குல்லாய் போட்டிருந்தான். இப்போது முடி எப்படி இருக்கும் என்று கேட்டார். ஒட்ட வெட்டியது, ஒரே சீராக இருக்காது என்றாள். எழுதிக்கொண்டார். அம்மாவைப் பற்றி என்ன எழுதலாம் என்று கேட்டார். அவள்தான் தெரிவித்தாள் என்று எழுதுங்கள் என்றாள் நெய்சா. அதற்குப் படிவத்தில் இடம் இல்லை. ஓரத்தில் எழுதினார்.

பதினொன்றுக்குச் செனோரா லெய்ட்டன் பயிற்சி நிறுத்தப் படிவத்தை எடுத்தார். காரணம் என்ற இடத்தில் இரண்டு வரி எழுதித் திருப்பிக் காட்டினார். படித்துவிட்டுக் கையெழுத்திட்டாள். பல்கலைக்கழகத்துக்கு ஒரு நகல், அவளுக்கு ஒரு நகல். மையத்தின் அடையாள அட்டையை மேசையில் வைத்தாள். செனோரா லெய்ட்டன் அதை இழுப்பறையில் போட்டார். அடுத்த கோப்பு காத்திருந்தது.

இரண்டு மணிக்கு மேட்டு நிலத்திலிருந்து செய்தி ஏதும் உண்டா என்று கேட்டுப் போலீஸை அழைத்தாள். இல்லை என்றார்கள். மூன்றரைக்கு மறுபடி அழைத்தாள். தகவல் இருந்தால் சொல்வோம், இந்த எண்ணுக்கு அழைக்க வேண்டாம் என்றார்கள்.

நான்கு மணிக்குப் புள்ளியியல் வகுப்பு. போனாள். வருகைத்தாளில் அவள் பெயர் இன்னும் இருந்தது.